கிராமத்துக்கு ஒரு கம்பி - 6: ஊராட்சி அலுவலகம் வரை வந்த இணையம்

ஒன்றியத் தலைமையிடம் வரை ஏற்கெனவே பி.எஸ்.என்.எல். கண்ணாடி இழை கிடக்கிறது. அங்கிருந்து ஒவ்வோர் ஊராட்சிக்கும் சில கிலோமீட்டர் இழுத்துவிட்டால் போதும். 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை போட்ட கணக்கு இதுதான். 2.5 லட்சம் ஊராட்சிகள், சுமார் 20,000 கோடி ரூபாய், இரண்டே வருடம். பணத்துக்கும் பஞ்சமில்லை. கிராமப்புறச் சேவைக்கென்று தொலைபேசி நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதம் கட்டிவந்த நிதி கையில் இருந்தது.

முதல் ஒரு லட்சம் ஊராட்சிகளை முடிக்கவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. அதற்குள் திட்டத்தின் பெயரும் ‘பாரத்நெட்’ என்று மாறியிருந்தது.

எங்கே பிசகியது? பள்ளம் தோண்ட நெடுஞ்சாலைத் துறை, ரயில்வே, வனத்துறை என்று ஒவ்வொரு வாசலிலும் அனுமதிக்குக் காத்துக் கிடந்தது ஒரு பக்கம். நம்பியிருந்த பழைய இழையே பல இடங்களில் பழுதாகிக் கிடந்தது இன்னொரு பக்கம். எல்லாவற்றையும்விடப் பெரிய கோளாறு வரைபடத்திலேயே இருந்தது. திருவிழா சீரியல் பல்பு மாதிரி ஒரே வரிசை. சாலை போட வந்த பொக்லைன் ஓரிடத்தில் இழையை அறுத்தால் அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கெல்லாம் இணையம் கிடையாது. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிவரும் வளைய அமைப்பு வேண்டும் என்று திட்டத்தை ஆராய மத்திய அரசு அமைத்த சத்யநாராயணா குழு 2015-லேயே சொன்னது. அந்த வளையத்தை மையமாக வைத்த 1.39 லட்சம் கோடி ரூபாய் திருத்தத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது 2023-ல்!

தமிழ்நாடு வேலையைத் தானே எடுத்துச் செய்தது. அதற்கென 2018-ல் தொடங்கிய அரசு நிறுவனம் டான்ஃபிநெட். இலக்கு 12,525 ஊராட்சிகள். டெண்டர் நிபந்தனைகள்மீது புகார் கிளம்ப, 2020-ல் மத்திய அரசு மறு டெண்டருக்கு உத்தரவிட்டதில் காலம் ஓடியது. ஆனால் இங்கே ஒரு புத்திசாலித்தனம் உண்டு: பெரும்பாலும் பள்ளமே தோண்டாமல் மின்கம்பம் வழியாகவே கேபிளைக் கொண்டுபோனார்கள்.

கேபிள் வந்து சேரும் இடம், ஊராட்சி சேவை மையத்தில் ஓர் அறை. இரும்பு ரேக், அதில் ரவுட்டர், பக்கத்தில் யு.பி.எஸ். மின்சாரம் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஊராட்சிச் செயலருக்கு. குடிநீர் மோட்டாரும் தெருவிளக்கும் ஏற்கெனவே அவர் தலையில்தான். போதாக்குறைக்குத் திருட்டு வேறு. கேபிளில் செம்பு இருக்கும் என்று நினைத்து வெட்டுகிறார்கள். உள்ளே உலோகமே இல்லை, விற்றால் காசு தேறாது என்று மாவட்ட நிர்வாகங்கள் செய்திக்குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

இத்தனைக்குப் பிறகும் ‘இணைப்பு தயார்’ என்ற அரசுக் கணக்கில் ஏறுவது அந்த அறைதான். அடுத்த தெருவில் உள்ள வீடு அல்ல. 2023-ன் திருத்தத் திட்டம் இந்தக் குறையை ஒப்புக்கொண்டு, ஐந்தாண்டில் 1.5 கோடி வீட்டு இணைப்புகள் என்று இலக்கு வைத்திருக்கிறது. இணைப்பு கொடுத்துப் பராமரிக்கும் உள்ளூர்த் தொழில்முனைவோருக்கு வருமானத்தில் பாதி. நடைமுறையில் இது ஊர்க் கேபிள் டி.வி.க்காரருக்குப் பொருத்தமான வேலை. எந்தக் கம்பத்தில் ஏற வேண்டும், எந்த வீட்டில் மாதம் பிறந்தால் பணம் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் ஒன்றியத்திலிருந்து வரும் இழை வாரக்கணக்கில் செத்துக் கிடந்தால், வீட்டுக்காரர்களிடம் பேச்சு வாங்கப்போவதும் அவர்தான்.

(தொடரும்)