கடல் கடந்தால் செல்லுமா ஓட்டுநர் உரிமம்?

காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூர் செல்லும் சாலையில், பாலாற்றை ஒட்டி அமைந்துள்ளது ஓரிக்கை. அரசுப் பேருந்துப் பணிமனை உள்ள ஊர் என்பதால், வாகனம் ஓட்டும் தொழில் இப்பகுதி மக்களுக்குப் புதிதன்று. இங்கிருந்தும் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்தும் வேலைக்காகவும் படிப்புக்காகவும் வெளிநாடு செல்லும் இளைஞர்கள் கடவுச்சீட்டு, விசா, விமானப் பயணச்சீட்டு ஆகியவற்றைப் பலமுறை சரிபார்க்கின்றனர். சட்டைப்பையில் இருக்கும் ஓட்டுநர் உரிமத்தைப் பற்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "இத்தனை ஆண்டுகள் இங்கே ஓட்டியவனுக்கு அங்கே ஓட்டத் தெரியாதா?" என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம்.

ஓட்டத் தெரிவது வேறு. ஓட்டும் உரிமை இருப்பது வேறு. இந்த வேறுபாடு புரியாததால் நேரும் இழப்பு சில வேளைகளில் ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பையே விழுங்கிவிடும்.

ஓட்டுநர் உரிமம் என்பது ஒரு நாடு தனது சாலைகளுக்காக வழங்கும் இசைவு. எல்லையைக் கடந்ததும் அதன் அதிகாரம் முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியை நிரப்ப 1949-இல் ஜெனீவாவில் உருவான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை வழிவகுத்தது. இந்தியாவும் அதில் அங்கம் வகிக்கிறது. அதன்படி வழங்கப்படுவதே பன்னாட்டு வாகன ஓட்டும் அனுமதி. 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' என்று மக்கள் அழைப்பது இதைத்தான்.

உண்மையில் இது தனியொரு உரிமம் அன்று. நமது உரிமத்தின் பன்மொழிப் பெயர்ப்பு மட்டுமே. மூல உரிமம் கையில் இல்லாவிட்டால் இதற்கு மதிப்பில்லை. இருசக்கர வாகனத்துக்கு மட்டும் உரிமம் பெற்றவர், இதைக் காட்டிக் கார் ஓட்ட முடியாது. அதிகபட்சமாக ஓராண்டு செல்லும். அதற்குள் மூல உரிமம் காலாவதியானால் இதுவும் காலாவதியாகிவிடும்.

இதைப் பெறுவது கடினமன்று. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, படிவம் 4ஏ-இல் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் ரூ.1,000. 'சாரதி' இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போதே விசா, மருத்துவச் சான்று காட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் 2021-இல் நீக்கப்பட்டன. வெளிநாட்டில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால், அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் விண்ணப்பிக்கும் வசதியும் அப்போது ஏற்படுத்தப்பட்டது.

எளிய வழி இருந்தும், இணையத்தில் போலி அனுமதிகளை விலைக்கு வாங்கி ஏமாறுவோர் உண்டு. போலியை அடையாளம் காண்பது எளிது. ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் இந்தியா வழங்கும் அனுமதிக்கு ஓராண்டுதான் ஆயுள். எனவே, "பத்தாண்டு செல்லும்", "மூல உரிமம் தேவையில்லை" என்று எவராவது விற்றால், அது வெறும் காகிதமே.

முறையான அனுமதியைப் பெற்றவர்களும் தவறவிடும் செய்தி ஒன்றுண்டு. அனுமதி என்பது விருந்தினருக்கானது, குடியிருப்போருக்கானது அன்று. சுற்றுலா சென்றவருக்குத் துணைநிற்கும் இந்தக் காகிதம், வேலைக்குச் சென்று தங்கிவிட்டவரைக் கைவிட்டுவிடும்.

பிரிட்டனில் குடியேறும் இந்தியர், தமது உரிமத்தைக் கொண்டு 12 மாதங்கள் கார் ஓட்டலாம். அதன் பிறகு அந்நாட்டுத் தேர்வுகளில் வென்றாக வேண்டும். ஜெர்மனியில் இந்தச் சலுகைக் காலம் ஆறு மாதங்கள். சிங்கப்பூரில் 12 மாதங்களுக்கு மேல் தங்குவோர், அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வில் தேறி உள்நாட்டு உரிமம் பெற வேண்டும். அமெரிக்காவிலோ மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும்.

தமிழர்கள் பெருமளவில் செல்லும் ஐக்கிய அரபு அமீரகத்தின் விதி இன்னும் கண்டிப்பானது. குடியிருப்பு விசா பெற்றவர் அந்நாட்டு உரிமம் இல்லாமல் ஓட்டக் கூடாது. சில நாட்டவர் தமது உரிமத்தை அங்கே நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். இந்திய உரிமத்துக்கு அந்தச் சலுகை இல்லை. இங்கே எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும் அங்கே தேர்வெழுதி, சாலையில் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

மீறினால் என்ன ஆகும்? அபராதம் சிறிய இழப்புதான். பெரிய இழப்பு காப்பீட்டில் இருக்கிறது. உரிய உரிமம் இல்லாதவர் ஓட்டினால் காப்பீட்டின் பாதுகாப்பு அவருக்குக் கிடைக்காது. அமீரகத்தில் விபத்து மரணத்துக்கான குருதிப்பணம் 2 லட்சம் திர்ஹம். முறையான உரிமம் இருந்தால் காப்பீட்டு நிறுவனம் அதைச் செலுத்திவிடும். உரிமம் இல்லாவிட்டால், செலுத்திய தொகையை ஓட்டியவரிடமே திரும்பக் கோர அந்நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நண்பரின் காரைக் கடைவரை எடுத்துச் சென்ற ஐந்து நிமிடப் பயணம், ஊரில் இருக்கும் நிலத்தை விற்க வைக்கக் கூடும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில. நமது உரிமத்தில் தலைப்பெழுத்தோடு பெயர் இருக்கும். கடவுச்சீட்டில் தந்தை பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கும். இரண்டும் ஒருவரே என்று அயல்நாட்டு அலுவலரிடம் மெய்ப்பிப்பது பெரும்பாடு. இங்கேயே திருத்திக்கொள்வது நல்லது. உரிமம் முடியும் நாளையும் பார்க்க வேண்டும். முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பிக்கலாம். முடிந்து ஓராண்டு கடந்துவிட்டாலோ மீண்டும் தேர்வில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

ஆவணங்கள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வளைகுடா நாடுகளிலும் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்கின்றன. இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கையும் கண்ணும், ரவுண்டானாவிலும் திருப்பங்களிலும் ஒரு நொடியில் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும்.

நம் ஊரில் 'எட்டு' போட்டுக் காட்டினால் இருசக்கர வாகன உரிமம் கிடைத்துவிடுகிறது என்பதே பொதுவான எண்ணம். பிரிட்டனில் முதலில் 50 வினாக்களில் 43-க்குச் சரியான விடையளிக்க வேண்டும். வரவிருக்கும் ஆபத்தைக் காணொலியில் முன்கூட்டியே கண்டறியும் தேர்விலும் தேற வேண்டும். அதன்பின் ஏறத்தாழ 40 நிமிடங்கள் பொதுச்சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். அங்கே சோதிக்கப்படுவது வண்டியைத் திருப்பும் திறமை மட்டுமன்று. பாதசாரிக்கு வழிவிடும் பண்பும்தான். அந்தப் பண்பு இங்கேயே பழகியிருந்தால் அயல்நாட்டுத் தேர்வு அச்சமூட்டாது.

அயல்நாடு செல்வோருக்கான முன்பயிற்சிகளில் ஓட்டுநர் உரிமம் பற்றிய பாடத்தையும் அரசு சேர்க்க வேண்டும். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகளும் இதைக் கற்பிக்கலாம்.

பத்தாம் நூற்றாண்டில், ஊர்ச்சபை உறுப்பினருக்கு 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது உள்ளிட்ட தகுதிகளை வகுத்துக் கல்லில் வெட்டிவைத்த ஊர் உத்தரமேரூர். தகுதியை அறிந்த பிறகே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்பது இந்த மண்ணுக்குப் புதிய பாடமன்று. அயல்நாடு நம்மிடம் கேட்பதும் அதைத்தான். அதை அவமதிப்பாகக் கருதாமல், புறப்படும் முன்பே ஆயத்தமாவதே அறிவுடைமை.