கார் ஆசனத்துக்கு எண்ணெய்க் குளியலா?

புதுச் செருப்பு காலைக் கடித்தால் தேங்காய் எண்ணெய் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். அதே வைத்தியத்தைக் காரின் தோல் ஆசனத்துக்கும் செய்கிறவர்கள் உண்டு. முதல் நாள் ஆசனம் பளபளக்கும். மறுநாள் வேட்டியில் கறை! ஒரே வாரத்தில் தெருப் புழுதி முழுவதும் ஆசனத்தில்!

காரணம் என்ன? இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில், தோலுக்கு நிறம் ஏற்றி, அதன்மேல் பாலியூரித்தேன் என்ற மெல்லிய பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் அதைத் தாண்டி உள்ளே போவது அரிது. மேலேயே தங்கிப் புழுதியைப் பிடித்துக்கொள்கிறது.

சோதித்துப் பார்ப்பது சுலபம். கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடவேண்டும். அது முத்துப் போல் நின்றால் பூச்சு உண்டு. உறிஞ்சிக் கறுத்தால் பூச்சு இல்லாத தோல். அதைத் தொழில் தெரிந்தவரிடம் விடுவதே நல்லது.

சோப்பு வேண்டாம்

பூச்சு உள்ள ஆசனத்தில் நாம் காப்பாற்ற வேண்டியது அந்தப் பூச்சைத்தான். அதன் விரோதிகள் வியர்வை, தலை எண்ணெய், வெயில், மணல். மணலோடு துடைத்தால் உப்புத்தாளால் தேய்த்தது போலத்தான். ஆகவே முதலில் தூசியை உறிஞ்சி எடுக்க வேண்டும். தையல் இடுக்குகளுக்கு மிருதுவான பிரஷ் போதும்.

பதனிட்ட தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. சலவை சோப்போ காரம் மிகுந்தது. இரண்டுக்கும் ஒத்துவராது. தின்னரும் ஸ்பிரிட்டும் பூச்சையே கரைத்துவிடும். தோலுக்கென்று விற்கும் கிளீனரை வெள்ளைத் துணியில் எடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் ஒற்றி, நிழலில் உலரவிட வேண்டும். துவாரமுள்ள ஆசனத்தில் தண்ணீரை ஊற்றவே கூடாது. உள்ளே இருக்கும் பஞ்சு அதைக் குடித்துவிடும்.

ஜாக்கிரதை! வெள்ளைத் துணியில் ஆசனத்தின் நிறமே வந்தால் அது அழுக்கல்ல, சாயம். உடனே நிறுத்திவிட வேண்டும்.

புது ஜீன்ஸின் நீலம் ஒட்டினால் அன்றே துடைப்பது நலம். நாள் ஆனால் போகாது. காரை நிழலில் நிறுத்துவதும், கண்ணாடிக்கு மறைப்பு வைப்பதும் வெயிலுக்குப் பரிகாரம்.

பூச்சு ஒரு முறை வெடித்துவிட்டால் எந்தக் கிரீமும் அதை ஒட்டவைக்காது. மறுபடி நிறம் ஏற்ற வேண்டும், அல்லது தோலையே மாற்ற வேண்டும். வாரம் ஒரு முறை ஐந்து நிமிஷம் துடைத்தால் அந்தச் செலவு வெகுநாள் தள்ளிப்போகும்.