பிரதிபையைத் தேடி – 9: சிபாரிசு என்னும் வாயில்

ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையின் லூயிஸ் டெர்மன் 1921-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பாடசாலைகளிலே மேதைக் குழந்தைகளைத் தேடத் தொடங்கியதையும், அவர் திரட்டிய 1,500-க்கும் மேற்பட்ட குழந்தைகளுள் ஒருவரும் நோபல் பரிசு பெறாதிருக்க, அவருடைய அளவை எட்டவில்லையென்று விலக்கப்பட்ட வில்லியம் ஷாக்லி 1956-லும் லூயிஸ் ஆல்வரெஸ் 1968-லும் பௌதிகத்துக்காக அப்பரிசைப் பெற்றதையும் சென்ற வாரம் கண்டோம். அங்கே பிழைபட்டது அளவுகோல். அளவுகோலின் அருகிலேயே வரவிடாமல் ஒரு குழந்தை நிறுத்தப்படுவது அதனினும் கொடிது என்பது என் எண்ணம். அதைப் பற்றியே இவ்வாரம் சொல்லப் புகுகிறேன்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிரோவர்ட் என்றொரு மாவட்டம் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் பொதுப் பள்ளிகளில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பயின்றார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் ஆயிருந்தனர். ஐ.க்யூ. என்று வழங்கும் நுண்ணறிவு ஈவு 130-ஐ எட்டிய குழந்தையை மீத்திறன் உடையதெனக் கொண்டு, அதற்கு விசேஷப் பாடத்திட்டம் வகுத்துத் தரவேண்டுமென்பது அங்கே விதி. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்றுவரும் பிள்ளைகளுக்கும் அந்த வரம்பு 116 எனத் தளர்த்தப்பட்டிருந்தது. இவ்வளவு கருணையோடு அமைந்த ஏற்பாட்டில், அக்காலத்தில், மீத்திறன் உடையோரெனத் தேர்ந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுள் அவ்விரு சமூகத்தாரும் சேர்ந்தே நூற்றுக்கு 28 பேர்தாம் இருந்தார்கள்.

காரணம் பரீட்சையில் இல்லை. பரீட்சைக்கு முந்திய படியில் இருந்தது. உபாத்தியாயரோ பெற்றோரோ சிபாரிசு செய்தால்தான் ஒரு குழந்தை மனோதத்துவ நிபுணரின் முன் உட்கார முடியும். வசதியுள்ள பெற்றோர், பள்ளி நிபுணரின் முறை வரும்வரை காத்திராமல், தனியார் நிபுணரிடம் கட்டணம் செலுத்திச் சான்று வாங்கி வரலாம். வீட்டிலே ஸ்பானிய மொழி பேசி, வகுப்பிலே ஆங்கிலத்தில் விடை சொல்லத் தயங்கி, பின் வரிசையில் மௌனமாக அமர்ந்திருக்கும் ஏழு வயதுச் சிறுமிக்காக யார் சிபாரிசு செய்வார்கள்? அவள் தாய்க்கு இப்படியொரு திட்டம் இருப்பதே தெரியாது. உபாத்தியாயரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. சட்டென்று கை உயர்த்துகிற குழந்தையையும் திருத்தமாக எழுதுகிற குழந்தையையும் நிறைந்த வகுப்பில் எவர் கண்ணும் முதலில் கண்டுவிடும். ஆனால் அந்தக் கண்ணையே ஏக வாயிலாக வைத்த நிர்வாகத்தை நான் குறை கூறாமல் இருக்க முடியவில்லை.

2005-ல் அந்த மாவட்டம் சிபாரிசுக்குக் காத்திராமல், இரண்டாம் வகுப்பிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரு முன்தேர்வை நடத்தியது. சொற்களின் உதவியை ஏறக்குறைய நாடாத தேர்வு அது. ஒரு கட்டத்துக்குள் நீலமும் மஞ்சளுமாகச் சில உருவங்கள் ஏதோ ஓர் ஒழுங்கில் அமைந்திருக்கும். ஓரிடம் மட்டும் வெறுமையாக விடப்பட்டிருக்கும். கீழேயுள்ள ஐந்து துண்டுகளுள் அவ்விடத்துக்குப் பொருந்துவது எது என்று குழந்தை கண்டு குறிக்கவேண்டும். எந்த மொழியில் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கும் அந்தக் கட்டம் ஒன்றுதான். அதில் மேலே வந்தவர்களையெல்லாம் பள்ளியின் மனோதத்துவ நிபுணர்கள், வேலை நேரம் கடந்தும் இருந்து, முறையான ஐ.க்யூ. பரீட்சைக்கு உட்படுத்தினார்கள்.

விளைவைப் பொருளாதார அறிஞர்களான டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குழந்தைகளில் மீத்திறன் உடையோரெனத் தேர்ந்தவர்கள் நூற்றுக்கு 2 பேரிலிருந்து 6 பேராயினர்; கறுப்பினக் குழந்தைகளில் ஒருவரிலிருந்து மூவராயினர்; வெள்ளையர் குழந்தைகளிலும் 6 பேர் 8 பேராயினர். முன்பிருந்த வரம்புகளை ஒரு புள்ளியும் எவரும் குறைக்கவில்லை. தகுதியை மேலும் தளர்த்தினாலன்றி ஏழைக் குழந்தை மேலே வராது என்று வாதிடுவோர் இந்த விவரத்தைச் சற்றே நின்று பார்க்கவேண்டுமென்று விரும்புகிறேன். அந்தக் குழந்தைகள் அத்தனை ஆண்டுகளும் அதே பள்ளிகளில், அதே பெஞ்சுகளில்தான் இருந்து வந்தார்கள்.

அவ்விருவரும் கண்ட இன்னொரு செய்தி என் மனத்தை இதைவிடவும் தொட்டது. அம்மாவட்டத்தின் பள்ளியொன்றில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்பில் மீத்திறன் உடைய குழந்தை ஒன்றே ஒன்று இருந்தாலும் அதற்கெனத் தனி வகுப்பு அமைக்கவேண்டும். எஞ்சிய இடங்களை, முந்திய ஆண்டுப் பரீட்சையில் முதன்மையாக மதிப்பெண் பெற்ற பிள்ளைகளைக் கொண்டு நிரப்பவேண்டும் என்பது ஏற்பாடாக இருந்தது. ஐ.க்யூ. சான்றின்றி, காலியிடத்தை நிரப்புவதற்காக அமர்த்தப்பட்ட இந்தப் பிள்ளைகளுள் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினருமே, அந்த வகுப்பினால் கணக்கிலும் வாசிப்பிலும் எல்லாரினும் மிகுந்த முன்னேற்றம் அடைந்தார்கள். 130-ஐ எட்டி வந்த குழந்தைகளின் மதிப்பெண்ணிலோ குறிப்பிடத்தக்க மாறுதல் தென்படவில்லை. சிறந்தவர்களைப் பிரித்து வைத்தால் எஞ்சியவர்கள் நலிவார்களே என்ற அச்சம் எனக்கும் உண்டு. அதை அற்பமென்று தள்ளுபவன் அல்லேன். எனினும் மற்ற வகுப்புகளில் தங்கிய பிள்ளைகளுக்கு இங்கே ஊறு நேர்ந்ததாக ஆராய்ச்சியில் காணப்படவில்லை.

2010-ல், பொருளாதார மந்தத்தினால் கையிருப்பு சுருங்கியபோது, எல்லாக் குழந்தைகளுக்குமான அந்த முன்தேர்வை மாவட்டம் நிறுத்தியது. பழைய சிபாரிசு முறை திரும்பியது. பழைய ஏற்றத்தாழ்வும் அதே அளவில் திரும்பியது.

வாயிலைக் கடந்து வென்ற பிள்ளைகளின் வெற்றியையே நம்ப மறுத்த சம்பவமும் அந்நாட்டில் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸின் கிழக்குப் பகுதியில் கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளியில், ஜெய்மி எஸ்கலாண்டே என்ற பொலிவிய நாட்டு ஆசிரியரிடம் கால்குலஸ் பயின்று, கல்லூரித் தரத்துப் பரீட்சையில் 1982-ல் தேறிய 18 மாணவர்களுள் 14 பேர்மீது பரீட்சை நடத்தியவர்களே ஐயம் எழுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.