பழைய வண்டி நிஜமாவே பழசுதானா?

நான் இந்தத் தடவை வண்டி பற்றி எழுதுகிறேன். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இது?" என்று யாரும் கேட்காதீங்க. எங்க அப்பா தென்காசியில் பைக் மெக்கானிக். நான் நாலாம் வகுப்பில் இருந்தே பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறேன்.

எங்க மாமா (அம்மாவோட தம்பி) சவுதியில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இந்தச் சீசனுக்கு ஊருக்கு வந்தார். வந்ததும் பழைய புல்லட்தான் வாங்குவேன் என்று ஒத்தைக்காலில் நின்றார். காரணம் எங்க தாத்தா. தாத்தா புல்லட் வைத்திருந்தாராம். மாமாவை முன்னாடி டேங்க் மேல உட்கார வைத்து ஐந்தருவிக்குக் கூட்டிப் போவாராம். தாத்தா இறந்த வருஷம் கடனுக்காக அதை விற்றுவிட்டார்கள்.

ஒரு புரோக்கர் மாமாவிடம் ஒரு வண்டியைக் காட்டி, "1974 மாடல், எல்லாம் ஒரிஜினல், ஒன்றரை லட்சம்" என்று சொல்லியிருக்கிறார். மாமா பத்தாயிரம் அட்வான்சும் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் அப்பாவிடம் வந்து, "அத்தான், ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் தொத்திக்கொண்டேன்.

வண்டி கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தது. எனக்கே ஆசையாகிவிட்டது. அப்பா மட்டும் "ம்ம்" என்றார்கள். நம்ம ஊர்ச் சாரலில் ஒரு வருஷம் வெளியே நின்றாலே மட்கார்டு ஓரத்தில் துரு ஏறிவிடும். ஐம்பது வருஷ வண்டியில் ஒரு பொட்டுத் துரு இல்லை என்றால், எல்லாவற்றையும் கழற்றிப் புதுசாகச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அது தப்பில்லை. ஆனால் எது பழசு, எது புதுசு என்று பார்த்துத்தான் விலை பேசணும்.

அப்பா ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி (பெயிண்டில் கீறல் விழக் கூடாதில்லையா) டேங்க் மேல மெதுவாக நகர்த்தினார்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டியது. ஒரு இடத்தில் வழுக்கி விழுந்தது. அங்கே உள்ளே பட்டி கனமாகப் பூசியிருக்கிறது. பிறகு கியரைப் பார்த்தார்கள். பழைய புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இந்த வண்டியிலும் அப்படித்தான் இருந்தது. பழைய போல்ட்டுகள் இஞ்ச் அளவு. ஆனால் இதில் நம்ம மில்லிமீட்டர் ஸ்பானர்தான் கச்சிதமாகப் பிடித்தது. அதற்காக வண்டியே போலி என்று சொல்ல முடியாது, போல்ட் எல்லாரும் மாற்றுவதுதான்.

முக்கியமானது நம்பர். ஒவ்வொரு வண்டிக்கும் எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் கம்பெனியிலேயே அடித்து வருகின்றன. ஆர்.சி. புக்கில் அதே நம்பர்கள் இருக்க வேண்டும். எஞ்சின் நம்பர் சரியாக இருந்தது. அடுத்து ஹேண்டில் பாருக்குக் கீழே உள்ள சேசிஸ் நம்பர் மேல வெள்ளைத் தாளை வைத்து, "ஏட்டி, நீ தேய்" என்று அப்பா பென்சிலை என்னிடம் கொடுத்தார்கள். காசு மேல தாளை வைத்துத் தேய்ப்போமே, அதே மாதிரிதான். நம்பர் வந்தது, ஆர்.சி. புக்கோடு பொருந்தவும் செய்தது. மாமா முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தால் கடைசி இரண்டு எண் மட்டும் மற்றதைவிட ஆழம், லேசாகச் சாய்வு. அதைச் சுற்றிச் சீப்பு இழுத்த மாதிரி கோடு கோடாக இருந்தது. கிரைண்டர் வைத்துப் பழைய எண்ணை அழித்துவிட்டு வேறு அடித்திருக்கிறார்கள்! கண்ணுக்குத் தெரியாமல் பெயிண்ட் மூடியிருந்ததைப் பென்சில் காட்டிக்கொடுத்துவிட்டது. அந்தச் சேசிஸ் திருட்டு வண்டியாகவும் இருக்கலாம். வாங்கினவர்தான் போலீஸ் ஸ்டேஷனுக்கு அலையணும்.

அன்று ராத்திரி அப்பா செல்லில் ஒரு வீடியோ காட்டினார்கள். அமெரிக்காவில் 1960-களில் நடுத்தர அளவு கார்களில் பெரிய எஞ்சின் வைத்து விற்றார்கள். அதற்கு மசில் கார் என்று பேர். இப்போது அவற்றில் சில ஏலத்தில் கோடிக்கணக்கில் போகின்றன. அதனால் அங்கேயும் சாதாரண காரில் பெரிய எஞ்சினை மாட்டி, பேர்த் தகட்டை ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் உண்டு. அவர்களும் நம்பரைத்தான் பார்க்கிறார்கள். 1968-இல் வந்த 'புல்லிட்' என்ற சினிமாவில் ஓடிய மஸ்டாங் காரின் நம்பர் 8ஆர்02எஸ்125559. முதல் 8 என்றால் 1968. ஆர் என்றால் சான் ஹோசே தொழிற்சாலை. 02 பாடியின் வடிவம், எஸ் எஞ்சின் வகை, மிச்சம் வரிசை எண். இந்தக் காரை ஒரு குடும்பம் 1974-இல் வாங்கி வீட்டு வண்டியாக ஓட்டியிருக்கிறது. அந்த வீட்டு அம்மா ஒரு டீச்சர், இதில்தான் பள்ளிக்கூடம் போனாராம்! 2020 ஜனவரியில் மீக்கம் கம்பெனியின் ஏலத்தில் 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. அன்றைய கணக்கில் 26 கோடி ரூபாய்க்கு மேல். அதற்குப் புது பெயிண்ட்கூட அடிக்கவில்லை. பச்சை மங்கி, அங்கங்கே துருவோடு, சினிமாவுக்குக் கேமரா மாட்டிய இடத்தின் அடையாளத்தோடு அப்படியே விற்றார்கள். பெயிண்ட் அடித்திருந்தால் பாதிச் சாட்சி போயிருக்கும் என்று அப்பா சொன்னார்கள்.

நம்ம நாட்டிலும் 2021-இல் விதி வந்திருக்கிறது. 50 வருஷம் தாண்டிய இரண்டு சக்கர, நாலு சக்கர வண்டி, சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்யாமல் இருந்தால் வின்டேஜ் வண்டி என்று பதியலாம். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று வரும். புதுசாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். புரோக்கர் 1974, 1974 என்று ஏன் அழுத்திச் சொன்னார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அட்வான்சில் ஐயாயிரம்தான் திரும்பி வந்தது. மாமா இரண்டு நாள் எங்க வீட்டுப் பக்கமே வரவில்லை. "அத்தான் வராமலே இருந்திருக்கலாம்" என்று ஆச்சியிடம் சொன்னாராம். மூணாம் நாள் ஆச்சி டிரங்குப் பெட்டியைக் குடைந்து தாத்தா வண்டியின் பழைய இன்சூரன்ஸ் தாளை எடுத்துக் கொடுத்தார்கள். அதில் எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டும் இருக்கிறது. மாமா அதை எடுத்துக்கொண்டு நேரே பட்டறைக்கு வந்துவிட்டார்.

அந்த நம்பர் என் ரஃப் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. உங்க வீட்டிலோ தெருவிலோ வலது கால் கியர் வைத்த பழைய புல்லட் நின்றால், எவ்வளவு துருப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, 9-ஆம் வகுப்பில் வந்து என்னிடம் சொல்லுங்க. பென்சிலும் தாளும் நான் கொண்டு வருகிறேன்.