போர் ஓய்ந்தபின் உள்ளம்

2009 மே மாதத்திற் போர் ஓய்ந்தது. பின்னர் ஏறக்குறைய 12,000 முன்னாட் போராளிகள் புனர்வாழ்வு பெற்றனர். மன்னார்க் கரையூர்களுக்கு மீண்டோரும் அவருள் உளர். உடற்புண் ஆறினும் மனப்புண் எளிதில் ஆறாது. அதனால் உயிர்துறக்க எண்ணுவோரைக் காத்தல் இயலுமோ? இயலும் என்பதற்கு இலங்கையே சான்றாகும்.

1995இல் இலட்சம் பேருக்கு 47 ஆகவிருந்த தற்கொலை வீதம், கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையாற் பெரிதும் தணிந்து, 2005அளவிற் பாதியாயிற்று. சாகும் எண்ணம் பெரும்பாலும் நிலையானதன்று. அவ்வேளையைக் கடத்திவிடின் உயிர் தங்கும் என்பதே இதன் பொருள்.

தற்கொலை முயற்சியைக் குற்றமெனக் கொண்ட சட்டமும் 1998இல் நீங்கிற்று. தேசிய மனநல நிறுவகத்தை 1926 என்னும் எண்ணில் அழைக்கலாம். ஆயினும் முன்னாட் போராளி, வாய்திறந்தாற் சந்தேகத்துக்கு ஆளாக நேருமோவென அஞ்சுவர். அவ்வச்சத்தைப் போக்கி, அருகிருந்து செவிகொடுத்தல் அயலவராகிய நம் கடனன்றோ?