ஓடேற்றும் ஏணிப்பொறி

மங்களூர் ஓடு ஒன்றைக் கையில் ஏந்திப் பார்த்தால் அது பெரும்பாரமாகத் தோன்றாது. ஏறக்குறைய இரண்டரைக் கிலோகிராம், அவ்வளவே. ஆயின் கூரையின் ஒரு சதுர மீட்டருக்கு அத்தகைய ஓடுகள் பதினைந்து வேண்டும். 12 மீட்டர் நீளமும் 6 மீட்டர் அகலமும் உள்ள பள்ளிக் கட்டடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இருபுறச் சரிவையும் இறவானத்தையும் சேர்த்தால் அதன் கூரை சுமார் 100 சதுர மீட்டர் ஆகும். அதாவது 1,500 ஓடுகள். 3,750 கிலோகிராம் எடை. இதனை நான்கு மீட்டர் உயரத்திற்கு யார், எவ்வாறு ஏற்றுவது என்பதே நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள்.

1865 ஆம் ஆண்டில் மங்களூரில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் என்பார் இவ்வகை ஓடுகளுக்கென்று ஆலை ஒன்றைத் தொடங்கினார். அதுமுதல் நம் தென்னாட்டுப் பள்ளிகளும், புகைவண்டி நிலையங்களும், சத்திரங்களும் இவ்வோட்டினால் வேயப்பட்டன. இன்று காங்கிரீட்டுக் கூரை பெருகிவிட்டது. எனினும் பழைய ஓட்டுக் கூரைகள் பல இன்னும் நிற்கின்றன. நிற்பவற்றை அவ்வப்போது பிரித்து வேயத்தான் வேண்டும்.

வழக்கமான முறை நீங்கள் அறிந்ததே. கொத்தனார் கூரைமேல் அமர்ந்திருப்பார். சித்தாட்கள் சும்மாடு கூட்டி, ஆறு ஓடுகளை அடுக்கித் தலையில் வைத்து, ஒரு கையால் சுமையையும் மறு கையால் ஏணியையும் பற்றிக்கொண்டு ஏறுவர். இதில் செலவாகும் உழைப்பைக் கணக்கிட்டுப் பார்ப்போம். எடையையும் உயரத்தையும் பெருக்கினால் வேலையின் அளவு கிடைக்கும். 3,750 கிலோகிராம் ஓட்டை நான்கு மீட்டர் உயர்த்தச் செய்யவேண்டிய வேலை சுமார் 1,47,000 ஜூல். ஒரு கிலோ கலோரி என்பது ஏறத்தாழ 4,200 ஜூல் ஆதலால், இது 35 கிலோ கலோரி ஆகிறது. வியப்பாக இல்லையா? நடுத்தரமான வாழைப்பழம் ஒன்றில் அடங்கியுள்ள ஆற்றலில் பாதிகூட இல்லை! அங்ஙனமாயின் மாலையில் அப்பெண்கள் எழுந்து நிற்கவும் இயலாமல் சோர்ந்து அமர்வது எதனால்?

கணக்கில் ஒன்றை விட்டுவிட்டோம். ஆறு ஓட்டின் எடை 15 கிலோ. சுமப்பவரின் உடல் எடையை 50 கிலோ எனக் கொள்க. ஒவ்வொரு முறையும் ஏணியில் ஏறுவது 65 கிலோ. 1,500 ஓடுகளுக்கு 250 முறை ஏறவேண்டும். மொத்தம் 16,250 கிலோ மேலே செல்கிறது. அதில் 12,500 கிலோ மனித உடல். நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்ட உழைப்பு, வேலைக்குத் தேவையே இல்லாத ஒன்றை உயர்த்துவதில் கழிகிறது. உயர்த்திய உடலைத் திரும்பக் கீழே கொண்டுவரவும் வேண்டும். இறங்குவதும் தசைக்கு ஓய்வன்று. மேலும், நாம் உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கையே தசைகள் வேலையாக மாற்றவல்லன. எஞ்சியது வெப்பமாய் வியர்வையோடு போகிறது.

களைப்பு மட்டுமே தீங்கு என்றால் பொறுத்துக்கொள்ளலாம். 2004 ஆம் ஆண்டில், நான் உதவியாசிரியனாக இருந்த ஊரில், கூரை வேலைக்கு வந்த சித்தாள் ஒருவர் ஏணியின் எட்டாவது படியிலிருந்து சுமையோடு சாய்ந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. வேலையை எடுத்திருந்த ஒப்பந்தக்காரர் அன்றைக்கு அரைநாள் கூலி கணக்கிட்டுக் கொடுத்தனுப்பினார். அப்பெண் பின்னர்த் தலைச்சுமை தூக்கவில்லை; தூக்க இயலவில்லை. ஏணி இருக்கலாம், அதில் ஏறுவது மட்டும் ஆளாக இருத்தலாகாது என்னும் எண்ணம் அந்நாளில் என் மனத்தில் வேரூன்றியது.

2011 ஆம் ஆண்டில் நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியின் பழைய கட்டடத்தைப் பிரித்து வேய நேர்ந்தபோது, ஊர்த் தச்சர் ஒருவரும் கொல்லர் ஒருவரும் மேல்வகுப்பு மாணவர் சிலரும் சேர்ந்து ஓடேற்றும் ஏணிப்பொறி ஒன்றைச் செய்தோம். அதன் அமைப்பு மிக எளியது. ஏணியின் இரு சட்டங்கள் தண்டவாளம். அதன்மேல் ஓடுவது சிறு வண்டி. உச்சியில் ஒரு கப்பி. அடியில் கயிற்றைச் சுற்றும் உருளை. மூங்கில் ஏணி இதற்கு ஆகாது. கணுக்கள்தோறும் வண்டி துள்ளும். நாங்கள் கூரையிலிருந்து இறக்கிய பனஞ்சட்டங்களுள் உளுக்காத நேரிய இரண்டைத் தேர்ந்து, சீவி, இழைத்து, குறுக்குக் கட்டைகளால் பிணைத்தோம். வண்டிக்குச் சக்கரமாயின, சிறுவர்கள் தெருவில் உருட்டி விளையாடும் பேரிங் வண்டியின் உருளைகள் நான்கு. சட்டங்களை விட்டு விலகாதபடி வண்டியின் அடியில் இரு பக்கமும் தடுப்புக் கட்டை அறைந்தோம். முன்புறத்தில் ஓடு நழுவாமல் இருக்க ஒரு சாண் உயரப் பலகை.

ஏணியை எவ்வளவு சாய்ப்பது? ஆள் ஏறும் ஏணியாயின், நான்கு பங்கு உயரத்திற்கு ஒரு பங்கு அடி விலக வைப்பது மரபு. இதில் ஆள் ஏறப்போவதில்லை. ஆதலின் நான்கு மீட்டர் உயரச் சுவருக்கு மூன்று மீட்டர் விலக்கி வைத்தோம். சட்டத்தின் நீளம் ஐந்து மீட்டர். பிதகோரசு தேற்றத்தைப் படித்தவர்களுக்கு இவ்வெண்கள் பழைய நண்பர்கள். எட்டு ஓடுகள் 20 கிலோ. வண்டி 10 கிலோ. ஆகப் பளு 30 கிலோ. செங்குத்தாகத் தூக்கினால் 30 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். சாய்தளத்தில் இழுத்தால் அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 24 கிலோ எடைக்குரிய விசை போதும். உராய்வுக்காக இரண்டு கிலோ கூட்டிக்கொள்வோம். விசை குறைந்தது, ஆனால் நான்கு மீட்டருக்குப் பதில் ஐந்து மீட்டர் இழுக்கவேண்டியதாயிற்று. இயற்கையை எந்திரம் ஏமாற்றாது என்பதைக் கலீலியோ 1600 ஆம் ஆண்டையொட்டி எழுதிய நூலில் தெளிவாக விளக்கினார். விசையில் பெறுவதைத் தூரத்தில் கொடுத்தே தீரவேண்டும்.

உச்சியில் உள்ள கப்பியோ விசையைச் சிறிதும் குறைப்பதில்லை. அது திசையை மாற்றுவது ஒன்றே. இருந்தும் கிணற்றுக்குக் கப்பி போடுகிறோமே, ஏன்? குனிந்து மேல்நோக்கி இழுப்பதைக் காட்டிலும் நிமிர்ந்து கீழ்நோக்கி இழுப்பது எளிது. நம் உடல் எடை நமக்குத் துணை செய்கிறது. கமலையில் மாடுகள் சரிவில் இறங்கும்படி அமைத்த நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். விசையை உண்மையாகக் குறைத்தது எங்கள் பொறியின் உருளை. உருளையின் ஆரம் 6 சென்டிமீட்டர். அதன் கைப்பிடியின் ஆரம் 30 சென்டிமீட்டர். ஆகவே எந்திர லாபம் ஐந்து. 26 கிலோ இழுப்பு, கைக்கு வரும்போது ஐந்தரை அல்லது ஆறு கிலோவாகிவிடுகிறது. வண்டி உச்சியை அடையக் கைப்பிடியைப் பதின்மூன்று சுற்றுக்குச் சற்றுமேல் சுற்றவேண்டும். கை கடக்கும் தூரம் 25 மீட்டர். மீண்டும் அதே கொடுக்கல் வாங்கல்.

உருளையை எங்கே பொருத்துவது என்பதுதான் மிகவும் சிந்திக்கத்தக்கது. பலர் கயிற்றைக் கப்பியில் போட்டு, ஏணியினின்று பத்தடி தள்ளி நின்று இழுப்பர். அவ்வாறு இழுப்பவர் ஓட்டை மட்டும் இழுக்கவில்லை, ஏணியின் தலையையும் தம்மை நோக்கி இழுக்கிறார்! சுவரைவிட்டு ஏணி பெயர்ந்தால் ஓடும் ஏணியும் அவர்மேலேயே விழும். உருளையை ஏணியின் அடியிலேயே, இரு சட்டங்களுக்கிடையே பொருத்திவிட்டால் இத்தொல்லை இல்லை. கயிறு சட்டத்தின் போக்கிலேயே ஏறி, அதன் போக்கிலேயே இறங்குகிறது. அவ்விரு இழுப்புகளும் சட்டத்தை நீளவாட்டில் அழுத்துமேயன்றிச் சுவரைவிட்டுப் பெயர்ப்பதில்லை.

இனி அடிப்பாகம். 40 கிலோ எடையுள்ள ஏணியின் பாரம் அதன் நடுவில், அடியிலிருந்து கிடையாக ஒன்றரை மீட்டரில் செயற்படுகிறது. நாற்பதை ஒன்றரையால் பெருக்க அறுபது. நான்கு மீட்டர் உயரத்தில் சுவர் தள்ளும் விசை இதனை ஈடு செய்யவேண்டும். அறுபதை நான்கால் வகுக்கப் பதினைந்து. அதே 15 கிலோ விசையால் ஏணியின் கால் வெளிப்புறம் நழுவப் பார்க்கிறது. வண்டி அடியில் நிற்கும்போது இவ்வளவே. ஆனால் 30 கிலோ பளு உச்சிக்குப் போனதும் முப்பதை மூன்றால் பெருக்கி நான்கால் வகுத்த இருபத்திரண்டரையும் சேர்கிறது. நழுவு விசை 37½ கிலோ! பளு புறப்படும்போது அனைவரும் விழிப்பாக இருப்பர். ‘போய்ச் சேர்ந்துவிட்டது’ என்று மனம் தளரும் கணத்தில்தான் ஏணியின் கால் நழுவுகிறது. ஆதலால் தரையில் இரண்டு முளைகளை ஆழ அறைந்து அடிச்சட்டத்தை அவற்றோடு கட்டினோம். காலடியில் ஒரு கல்லை வைத்து முட்டுக் கொடுப்பது போதவே போதாது.

கைப்பிடி கைநழுவினால் என்ன ஆகும்? வண்டி சரேலென இறங்கும். கைப்பிடி எதிர்த்திசையில் சுழன்று மணிக்கட்டையோ தாடையையோ உடைக்கும். இதனைத் தடுப்பதற்குக் கொல்லர் பற்கள் வெட்டிய இரும்புச் சக்கரம் ஒன்றை உருளையின் ஓரத்தில் பொருத்தினார். அதன்மேல் ஒரு நாக்கு விழுந்துகொண்டே வரும். முன்னே சுற்றும்போது பல்லின்மேல் வழுக்கி விழுந்து ‘டிக் டிக்’ என ஒலிக்கும். பின்னே சுற்ற முயன்றால் பல்லில் ஊன்றி நின்றுவிடும். மிதிவண்டியின் மிதியை நிறுத்திவிட்டு உருட்டும்போது பின் சக்கரத்தில் கேட்கும் ஒலி இதே அமைப்பின் ஒலிதான். தேர்ச்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் அன்பர் ஒவ்வோர் அடிக்கும் ஓடி ஓடிச் செய்வதை, இந்நாக்கு இருந்த இடத்திலிருந்தே செய்கிறது. வெறும் வண்டியை இறக்கும்போது ஒரு கையால் நாக்கைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் கைப்பிடியை விடாமல் பின்னோக்கிச் சுற்றவேண்டும்.

கயிறு புதிதாக இருத்தல் வேண்டும். கிணற்றில் தேய்ந்த கயிறு வெளியே நன்றாகத் தோன்றி உள்ளே இற்றிருக்கும். இடையில் முடிச்சிட்ட கயிறும் கூடாது; முடிச்சிட்ட இடத்தில் கயிற்றின் வலு பாதியளவுக்குக்கூடக் குறைந்துவிடும். முதல் நாள் நாங்கள் ஓடே ஏற்றவில்லை. வண்டியோடு 60 கிலோ வரும்படி மணல் மூட்டைகளைக் கட்டி, பளுவை இருமடங்காக்கிப் பத்து முறை ஏற்றி இறக்கினோம். மூன்றாம் முறை நடுச்சட்டம் சற்று வளைந்தது கண்டு சவுக்குக் கழியால் நடுவே முட்டுக் கொடுத்தார் தச்சர். ஏணியைச் சுற்றிச் சுண்ணாம்பால் கோடு போட்டு, வண்டி மேலே இருக்கும்போது அக்கோட்டுக்குள் எவரும் காலெடுத்து வைத்தலாகாது என்றேன். உருளையைச் சுற்றுபவர்மேல் ஓடு விழாதபடி, அவர் தலைக்கு மேலே சட்டத்தோடு சேர்த்துப் பலகைத் தடுப்பு அமைத்தோம். மாணவர்கள் பொறியைச் செய்ததோடு சரி. வேலை நடக்கும்போது அவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று கணக்கெழுதினர்.

வேலைக்கு ஆறு சித்தாட்கள் வந்திருந்தனர். அவருள் மூத்தவர் பொறியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “வாத்தியாரையா, இந்த ஏணியே ஓட்டையெல்லாம் ஏத்திருச்சுன்னா எங்களுக்கு என்ன வேலை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பொறிக்கு நால்வர் போதும்: மாறி மாறிச் சுற்ற இருவர், அடுக்க ஒருவர், மேல் தளத்தில் வாங்கிக்கொடுக்க ஒருவர். எஞ்சிய இருவரும் பழைய ஓட்டின் பாசியைச் சுரண்டி அடுக்கட்டும், அறுவருக்கும் பேசிய கூலி குறையலாகாது என்று மேஸ்திரியிடம் முன்னதாகவே சொல்லியிருந்தேன். நான்கு நாள் வேலை மூன்றே நாளில் முடிந்தது. உடனே நான்காம் நாள் கூலியை யார் தருவது என்று வழக்கு எழுந்தது. மேஸ்திரி தர மறுத்தார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கலாம், எனக்கு அது விளங்கவில்லை. முடிவில் பெற்றோர் ஆசிரியர் கழக நிதியிலிருந்து கொடுத்தோம். ஒரு கூரைக்கு வழக்குத் தீர்ந்தது. அடுத்த கூரைக்குத் தீரவில்லை. பொறி மிச்சப்படுத்திய ஒரு நாள் யாருக்கு உரியது என்னும் கேள்விக்கு இயற்பியல் நூலில் விடையில்லை. பொருளாதாரம் பயிலும் கல்லூரி மாணவர்கள் அதனை எடுத்துக்கொள்ளலாம்.

உங்களுள் ஆர்வமுடையோர் இக்கணக்குகளை வீட்டிலேயே சரிபார்க்கலாம். ஐம்பது சென்டிமீட்டர் நீளப் பலகை ஒன்றை நாற்பது சென்டிமீட்டர் உயரத்தில் சாய்த்து வையுங்கள். சக்கரமுள்ள விளையாட்டு வண்டியில் மணல் நிரப்பி, அதன் எடையை வில் தராசினால் அளந்துகொண்டு, பின் அதே தராசினால் பலகைமேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேலாகவே தராசு காட்டும். சக்கரத்துக்கு எண்ணெயிட்டு மறுபடியும் இழுங்கள். வண்டியைக் கவிழ்த்துச் சக்கரமின்றி ஒருமுறை இழுங்கள். மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதிக்கொண்டால் உராய்வு எவ்வளவு தின்றது என்பது தெரியும்.