நெய்வேலி டவுன்ஷிப் யாருடைய ஊர்? நிலம் கொடுத்தவங்க கதை தெரியுமா?

அசோக் நகரில் உங்க வீட்டு ஃபேன் சுற்றும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் ஒரு பங்கு இருக்கலாம். அந்த ஊர் எப்படி வந்தது?

1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. பிறகு சுமார் 620 ஏக்கர் நிலத்தை அவரே திட்டத்துக்குக் கொடுத்தார். 1956-ல் நிறுவனம் உருவானது. 1957 மே 20-ல் சுரங்கப் பணியை நேரு தொடங்கி வைத்தார்.

ஆனா கரி லேசில் கிடைக்கலை. அடியில் ஊற்றுநீர் அவ்வளவு அழுத்தத்தோடு நின்றது. ராத்திரி பகலா பம்ப் வைத்து இறைத்தால்தான் தோண்டவே முடியும். 1961 ஆகஸ்ட்டில்தான் கரி வெளியே தெரிந்தது, அடுத்த வருஷம் மின்சாரம்.

இங்கே ரெண்டு வகை குடும்பங்கள். வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், மருத்துவமனை. தெருப் பெயர் கேட்பதைவிட 'எந்த பிளாக்?' என்று கேட்பதுதான் அங்கே வழக்கம்.

இன்னொரு வகை, நிலத்தைக் கொடுத்துவிட்டு ஊரையே காலி செய்தவர்கள். சோறு போட்ட முந்திரித் தோப்பும் வயலும் பள்ளமாகிவிட்டன. வீட்டுக்கு ஒருவருக்காவது நிரந்தர வேலை என்பது அவர்களின் பழைய கோரிக்கை. கான்ட்ராக்ட் வேலை அதற்கு ஈடில்லை என்கிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலில் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதும் போராட்டம் வெடித்தது.